ஒன்பது உயிரும் ஓர் உடலும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். அரங்கில் நேரம் போதாமல் விடுபட்ட சில விவரங்களும் இங்கே சேர்க்கப்பட்டுள்ளன.)



புக்கிட் செலம்பாவ் வட்டாரத்து மக்களுக்கு யாரும் அரசியல் பேசக் கற்றுத்தர வேண்டியதில்லை. 2009 ஏப்ரல் 7-ஆம் தேதி இங்கே நடந்த சட்டமன்ற இடைத்தேர்தலில் 15 பேர் போட்டியிட்டார்கள். ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 15 வேட்பாளர்கள்! டத்தோஸ்ரீ நஜிப் பிரதமராகப் பதவியேற்று அப்போது நான்கே நாள்தான் ஆகியிருந்தது. புதுப் பிரதமருக்கு முதல் சோதனை என்று நாடே இந்தத் தொகுதியைப் பார்த்துக் கொண்டிருந்தது. தேசிய முன்னணி தோற்றது, கெஅடிலான் கட்சி வென்றது.

ஆகவே 'நாட்டின் தலைமைத்துவம்' என்ற தலைப்பில் பேச வேண்டும் என்றதும், விலைவாசி, 1எம்டிபி, தமிழ்ப்பள்ளி என்று கேள்விகள் வரும் என நினைத்துத்தான் போனேன். முன் வரிசையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பால்மரம் சீவி ஓய்வு பெற்றவர். ஒலிவாங்கியை வாங்கி அவர் கேட்ட கேள்வி என்னைக் கொஞ்சம் ஆட்டிவிட்டது.

"ஐயா, எந்தத் தலைவரு நல்லவரு, எவரு கெட்டவருங்கிறது இருக்கட்டும். நம்ம ஆளுங்கள இன்னொரு நாட்டுக்காரன் புடிச்சி வெச்சிக்கிட்டான்னா, நம்ம தலைவரு என்னா செய்வாரு? கெஞ்சுவாரா, மோதுவாரா? அதச் சொல்லுங்க."

இந்தக் கேள்விக்கு நம் நாட்டிலேயே பதில் இருக்கிறது. 2017-இல் வட கொரியாவோடு நமக்கு ஏற்பட்ட தகராறுதான் அது. நடந்ததை வரிசையாகச் சொல்லிவிட்டு, பிறகு என் கருத்துக்கு வருகிறேன்.

2017 பிப்ரவரி 13, திங்கட்கிழமை காலை. கேஎல்ஐஏ 2 விமான நிலையத்தில் மக்காவ் விமானத்துக்காக ஒருவர் காத்திருந்தார். கடப்பிதழில் அவர் பெயர் கிம் சோல். இரண்டு பெண்கள் அவரை நெருங்கி முகத்தில் எதையோ தேய்த்துவிட்டு நடந்து போய்விட்டார்கள். அவர் உதவி கேட்டார், விமான நிலையத்துக் கிளினிக்கிற்கு அழைத்துப் போனார்கள். புத்ராஜெயா மருத்துவமனைக்குக் கொண்டு போகும் வழியிலேயே உயிர் பிரிந்தது. இறந்தவர் கிம் ஜோங் நாம், அதாவது வட கொரியத் தலைவர் கிம் ஜோங் உன்னின் ஒன்றுவிட்ட அண்ணன், தந்தை ஒருவர், தாய் வேறு. முகத்தில் தேய்க்கப்பட்டது விஎக்ஸ் என்ற நரம்பு விஷம் என்று பிப்ரவரி 24-இல் போலீஸ் அறிவித்தது. உலக நாடுகள் ஒப்பந்தம் போட்டுத் தடை செய்த இரசாயன ஆயுதம் அது. ஆயிரக்கணக்கான பயணிகள் நடமாடும் இடத்தில் அதைக் கொண்டு வந்து பூசியிருக்கிறார்கள்.

உடலை உடனே கொடு, பிரேதப் பரிசோதனை செய்யாதே என்று வட கொரியத் தூதர் காங் சோல் நின்றார். நம் நாட்டில் ஒருவர் சந்தேகமான முறையில் இறந்தால் பரிசோதனை செய்யத்தான் வேண்டும், அது தோட்டத்துத் தொழிலாளியானாலும் சரி, அரண்மனை வாரிசானாலும் சரி. மலேசியா பரிசோதனை செய்தது. தூதர் நள்ளிரவில் கோலாலம்பூர் மருத்துவமனைப் பிணவறைக்கு வெளியே நின்று, மலேசியா எதிரிகளோடு சேர்ந்து சதி செய்கிறது என்று பேசினார். நம்மூருக்கு வந்து நம்மையே ஏசினால் எப்படி? பிப்ரவரி 20-இல் பியோங்யாங்கில் இருந்த நம் தூதரை அரசாங்கம் திரும்ப அழைத்துக் கொண்டது. மார்ச் 4-இல் காங் சோல் 'வேண்டாதவர்' என்று அறிவிக்கப்பட்டு, 48 மணி நேரத்தில் வெளியேறச் சொல்லப்பட்டார்.

மார்ச் 6-இல் அவர் விமானம் ஏறினார். அன்றே வட கொரியாவும் நம் தூதரை வெளியேற்றுவதாக அறிவித்தது. நம் தூதரோ இரண்டு வாரத்துக்கு முன்பே வீடு வந்து சேர்ந்திருந்தார்! இதுவரை இது சிரிக்கிற கதை.

மறுநாள் சிரிப்பு நின்று போனது. மார்ச் 7 அன்று, வட கொரியாவில் இருக்கும் மலேசியர் எவரும் நாட்டை விட்டு வெளியேறக் கூடாது என்று பியோங்யாங் அறிவித்தது. அப்போது அங்கே இருந்த நம்மவர்கள் 11 பேர். அவர்களில் இருவர் ஐ.நா.வின் உணவுத் திட்ட ஊழியர்கள். அவர்களை மட்டும் இரண்டு நாளில் விட்டுவிட்டார்கள். மிச்சம் ஒன்பது பேர். தூதரக ஊழியர்கள் மூவர், அவர்களுடைய குடும்பத்தினர் ஆறு பேர். பிள்ளைகளும் அதில் இருந்தார்கள்.

நம் குடிமக்களைப் பிணையாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று பிரதமர் நஜிப் வெளிப்படையாகவே சொன்னார். பதிலுக்கு, மலேசியாவில் இருக்கும் வட கொரியர்களும் வெளியேற முடியாது என்று உத்தரவு போட்டார். அவர்கள் ஏறக்குறைய 1,000 பேர் என்று அப்போது சொல்லப்பட்டது. சரவாக் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர்களும் அதில் அடக்கம். அந்த மாதக் கடைசியில் பியோங்யாங்கில் நடக்க வேண்டிய ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்று ஆட்டத்துக்குக் கூட நம் காற்பந்துக் குழு போகவில்லை. பிறகு நவம்பரில் தாய்லாந்தின் புரிராமில் அந்த ஆட்டத்தை நடத்தினார்கள்.

இங்கே ஒரு விளக்கம் தேவை. அரங்கில் ஒரு தம்பி கேட்டார்: "கொலையில சம்பந்தப்பட்டவங்க கோலாலம்பூர் தூதரகத்துக்குள்ளயே இருக்காங்கன்னு போலீஸ் சொல்லுது. உள்ள பூந்து புடிக்க வேண்டியதுதானே?"

முடியாது தம்பி. தூதரக உறவுகளுக்கு 1961-இல் வியன்னாவில் உருவான ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. நாமும் வட கொரியாவும் அதை ஏற்றுக் கொண்டிருக்கிறோம். தூதரகம் அந்நிய நாட்டு மண் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல, மண் நம்முடையதுதான். ஆனால் தூதரின் அனுமதி இல்லாமல் நம் போலீஸ் அந்த வாசற்படியைத் தாண்டக் கூடாது. அந்தக் காலத்தில் துரை பங்களா எப்படி இருந்தது என்று பெரியவர்களுக்குத் தெரியும். இடம் தோட்டத்துக்குள்தான் இருக்கும், ஆனால் கூப்பிடாமல் யாரும் உள்ளே போக முடியாது. கிட்டத்தட்ட அப்படி. ஒரு வித்தியாசம், துரைக்கு அதை அதிகாரம் கொடுத்தது, தூதருக்கு அதை ஒப்பந்தம் கொடுக்கிறது.

தேடப்பட்டவர்களில் ஒருவர் தூதரகத்தின் இரண்டாவது செயலாளர். அவர் கொலையே செய்திருந்தாலும் நம் நீதிமன்றம் அவரை விசாரிக்க முடியாது. நாட்டை விட்டுப் போகச் சொல்லலாம், அவ்வளவுதான். இன்னொருவர் ஏர் கோர்யோ விமான நிறுவன ஊழியர். அவருக்குத் தூதருக்குரிய பாதுகாப்பு எதுவும் கிடையாது. ஆனாலும் கட்டடத்துக்குள் இருக்கும் வரை தொட முடியாது. ஐந்து வருஷம் ஆனாலும் வெளியே காத்திருப்போம் என்று அப்போதைய போலீஸ் படைத் தலைவர் டான்ஸ்ரீ காலிட் அபு பாக்கார் சொன்னார். சொல்வதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பியோங்யாங்கில் ஒன்பது பேர் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக் கொண்டிருக்கும்போது, ஐந்து வருஷம் காத்திருக்க யாரால் முடியும்?

அதே ஒப்பந்தம் இன்னொன்றையும் சொல்கிறது. இரு நாடுகளுக்கிடையே போரே மூண்டாலும், தூதரக ஊழியர்களும் அவர்கள் குடும்பத்தினரும் பத்திரமாக வெளியேற வழிவிட வேண்டும். வட கொரியா அதைக் காலில் போட்டு மிதித்தது. ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நாம் பதிலுக்கு அவர்களுடைய தூதரக ஊழியர்களைத் தடுத்து வைத்ததும் அதே ஒப்பந்தத்துக்கு விரோதம்தான். வேறு வழி என்ன இருந்தது என்று கேட்டால் எனக்கும் பதில் இல்லை. என்றாலும் நம்மவர் செய்தார் என்பதற்காக அதைச் சட்டப்படி சரி என்று நான் சொல்ல மாட்டேன்.

மார்ச் மாதம் முழுவதும் திரைக்குப் பின்னால் பேச்சுவார்த்தை நடந்தது. இந்தப் பக்கம் வேறொரு வேலையும் நடந்தது. இறந்தவர் கிம் ஜோங் நாம் அல்ல என்று வட கொரியா சாதித்துக் கொண்டிருந்ததால், அடையாளத்தை உறுதிப்படுத்த வேண்டியிருந்தது. சுகாதார அமைச்சராகவும் ம.இ.கா. தேசியத் தலைவராகவும் இருந்த டத்தோஸ்ரீ டாக்டர் ச. சுப்பிரமணியம்தான் பிரேதப் பரிசோதனை, மரபணுச் சோதனை பற்றியெல்லாம் உலகச் செய்தியாளர்களுக்குப் பதில் சொல்லிக் கொண்டிருந்தார். பதற்றமில்லாமல் சொன்னார். அந்த நாட்களில் அவரைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. கடைசியில் இறந்தவரின் பிள்ளை ஒருவரிடமிருந்து பெற்ற மரபணு மாதிரியைக் கொண்டு அடையாளம் உறுதியானது.

மார்ச் 30-இல் உடன்பாடு ஏற்பட்டது. உடல் வட கொரியாவுக்கு. தூதரகத்துக்குள் இருந்தவர்களிடம் போலீஸ் அங்கேயே போய் வாக்குமூலம் வாங்கிக் கொண்டது, பிறகு அவர்களும் போகலாம். ஒன்பது மலேசியர்கள் வீட்டுக்கு. நம் ஆகாயப் படை விமானம் பியோங்யாங்குக்கே போய் அவர்களை ஏற்றி வந்தது. மார்ச் 31 விடியற்காலையில் கோலாலம்பூரில் இறங்கியபோது வெளியுறவு அமைச்சர் டத்தோஸ்ரீ அனிஃபா அமான் நேரில் போய் வரவேற்றார். பிரதமர் நஜிப் அப்போது எங்கே இருந்தார் தெரியுமா? சென்னையில்! இந்தியாவுக்கு அதிகாரப்பூர்வ வருகை மேற்கொண்டிருந்தார். ரஜினிகாந்த் வீட்டுக்குப் போய்ப் படமும் எடுத்துக் கொண்டார். நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒன்பது பேர் வந்து சேர்ந்த செய்தியைவிட அந்தப் படம்தான் அதிகம் சுற்றியது. என்ன செய்வது!

பெரியவர் விடவில்லை. "அப்படின்னா குத்தவாளிய விட்டுட்டோம், அப்படித்தானே?" என்றார்.

ஆமாம் ஐயா, அப்படித்தான். போலீஸ் தேடிய நான்கு வட கொரியர்கள் கொலை நடந்த அன்றே பறந்துவிட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் உடலோடு சேர்ந்து போனார்கள். கடைசியில் குற்றவாளிக் கூண்டில் நின்றவர்கள் யார்? இந்தோனேசியாவைச் சேர்ந்த சித்தி ஆயிஷா, வியட்நாமைச் சேர்ந்த டோன் தி ஹுவோங். இரண்டு பேரும் பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த இளம் பெண்கள். தொலைக்காட்சியில் காட்டும் குறும்பு நிகழ்ச்சி என்று சொல்லி எங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்றார்கள். கொலைக் குற்றம் உறுதியானால் அப்போதைய சட்டப்படி கட்டாயத் தூக்கு. ஷா ஆலாம் உயர் நீதிமன்றத்தில் 2017 அக்டோபரில் வழக்கு தொடங்கியது. 2019 மார்ச் 11-இல் அரசுத் தரப்பு சித்தி ஆயிஷா மீதான குற்றச்சாட்டை மீட்டுக் கொண்டது. இந்தோனேசிய அரசாங்கம் மேல்மட்டத்தில் தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருந்ததன் பலன் அது. மூன்று நாள் கழித்து டோன் தி ஹுவோங்குக்கு அதே சலுகை மறுக்கப்பட்டது. நீதிமன்றத்தில் அவர் அழுத படத்தைப் பார்த்திருப்பீர்கள். ஏப்ரல் 1-இல் குற்றச்சாட்டு குறைக்கப்பட்டு 3 ஆண்டு 4 மாதத் தண்டனை விதிக்கப்பட்டது, மே 3-இல் விடுதலையானார்.

ஏவியவர்கள் விமானத்தில், ஏவப்பட்டவர்கள் சிறையில். எஸ்டேட் வாழ்க்கை தெரிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல.

அப்படியிருந்தும், அந்த மார்ச் 30 முடிவு சரி என்பதே என் கருத்து. நஜிப்பின் ஆட்சியைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. நீதிமன்றங்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டன, 2022 ஆகஸ்டில் அவர் காஜாங் சிறைக்கும் போனார். ஆனால் அந்த மூன்று வாரம் அவர் செய்ததை நான் குறை சொல்ல மாட்டேன். ஒன்பது பேரில் ஒருவருக்கு ஏதாவது நேர்ந்திருந்தால், நாம் நீதிக்காக நின்றோம் என்று அந்தக் குடும்பத்தின் வாசலில் போய்ச் சொல்ல முடியுமா?

இதில் இன்னொரு விசேஷம். 1975 ஆகஸ்ட் 4-இல் கோலாலம்பூர் ஏஐஏ கட்டடத்தில் ஜப்பானியச் செம்படையினர் புகுந்து, அமெரிக்கத் துணைத்தூதர் உள்ளிட்ட 50-க்கும் மேற்பட்டவர்களைப் பிணை பிடித்தார்கள். ஜப்பான் சிறையில் இருந்த தங்கள் தோழர்களை விடுவிக்கச் சொன்னார்கள். அப்போது பிரதமர் யார்? நஜிப்பின் தந்தை துன் ரசாக். அன்றும் நம் அரசாங்கம் பேசித்தான் தீர்த்தது. துப்பாக்கிக்காரர்கள் விமானத்தில் லிபியா போனார்கள். பிணைகளுக்குப் பதிலாக மலேசிய, ஜப்பானிய அதிகாரிகள் தாங்களாகவே அந்த விமானத்தில் ஏறிப் போனார்கள் என்பதைத்தான் நாம் மறந்துவிட்டோம். கட்டடத்தில் பிடிபட்டிருந்தவர்கள் வீடு திரும்பினார்கள். தந்தைக்கும் மகனுக்கும் 42 ஆண்டு இடைவெளியில் ஒரே விதமான பரீட்சை.

மோதிப் பார்த்த கதை ஒன்றும் இருக்கிறது, அது இந்தியாவின் கதை. 2013 டிசம்பர் 12-இல் நியூயார்க்கில் இந்தியத் துணைத்தூதரக அதிகாரி தேவயானி கோப்ரகடே கைது செய்யப்பட்டார். வீட்டு வேலைக்கு இந்தியாவிலிருந்து அழைத்துப் போன பெண்ணுக்கு விசா வாங்கும்போது சம்பளத்தைக் கூட்டிக் காட்டி, உண்மையில் குறைத்துக் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. அவரை உடை களைந்து சோதனையிட்டார்கள் என்றதும் இந்தியா கொதித்தது. டெல்லியில் அமெரிக்கத் தூதரகத்தின் முன்னிருந்த பாதுகாப்புத் தடுப்புகளைப் புல்டோசர் வைத்து அகற்றினார்கள். பிரதமர் மன்மோகன் சிங் கண்டித்தார். அப்போது குஜராத் முதல்வராக இருந்த நரேந்திர மோடி, வந்திருந்த அமெரிக்க நாடாளுமன்றக் குழுவைச் சந்திக்க மறுத்தார். தேர்தல் நெருங்கிக் கொண்டிருந்த நேரம், எந்தக் கட்சிக்கும் விட்டுக் கொடுக்க மனமில்லை. கடைசியில் அவரை ஐ.நா.வுக்கான இந்தியத் தூதுக்குழுவுக்கு மாற்றி, முழுப் பாதுகாப்பு கிடைக்கச் செய்து, 2014 ஜனவரியில் ஊருக்குக் கொண்டு வந்தார்கள். அதிகாரியின் மானம் பற்றி எல்லாரும் பேசினார்கள், அது பேச வேண்டியதுதான். அந்த வேலைக்காரப் பெண்ணின் கூலியைப் பற்றி எத்தனை தலைவர்கள் வாய் திறந்தார்கள்? கூலிக்குப் போராடிய பரம்பரையில் வந்த நமக்கு அது உறுத்தத்தான் செய்கிறது.

வட கொரியக் கதை 2017-உடன் முடியவில்லை. 2021 மார்ச் 17-இல், பணமோசடிக் குற்றச்சாட்டுக்காக மூன் சோல் மியோங் என்ற வட கொரியரை மலேசியா அமெரிக்காவிடம் ஒப்படைத்தது. நம் நீதிமன்றங்களில் மேல்முறையீடுகள் எல்லாம் முடிந்த பிறகே ஒப்படைத்தார்கள். இரண்டு நாளில் வட கொரியா நம்மோடு உறவையே முறித்துக் கொண்டது. 1973-இல் தொடங்கிய உறவு! அப்போது பிரதமர் டான்ஸ்ரீ முகிடின். 48 மணி நேரத்தில் வெளியேறுங்கள் என்று அவர்களுடைய தூதரக ஊழியர்களுக்குச் சொன்னோம், மார்ச் 21-இல் போனார்கள். இந்த முறை பியோங்யாங்கில் பிடித்து வைக்க நம்மவர் யாரும் இல்லை. 2017-க்குப் பிறகு நம் தூதரகத்தை அங்கே நடத்தாமல் விட்டிருந்தார்கள். அதனால்தான் இம்முறை யாருக்கும் தூக்கம் கெடவில்லை.

கடைசியாக ஓர் அம்மா எழுந்தார். பின் வரிசையில் வெகு நேரமாகக் கையைத் தூக்கிக் கொண்டிருந்தவர். மகன் தாய்லாந்தில் 'கஸ்டமர் சர்வீஸ்' வேலை என்று போனானாம். சம்பளம் அதிகம் என்று நண்பன் சொன்னானாம். இப்போது எல்லைக்கு அந்தப் பக்கம், மியன்மாரில் இருப்பதாகச் செய்தி அனுப்பியிருக்கிறான். "அவங்கெல்லாம் ஆபீசருங்க. ஏரோப்ளேன் அனுப்பிக் கூட்டியாந்தாங்க. எம்மவனுக்கு யாருங்க அனுப்புவா?" என்றார்.

அரங்கு அடங்கிப் போயிற்று. நானும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

உள்ளதைச் சொன்னேன். தூதரக அதிகாரிக்கு இருக்கும் பாதுகாப்பு சாதாரணக் குடிமகனுக்குக் கிடையாது. ஆனால் 1963-இல் உருவான இன்னொரு வியன்னா ஒப்பந்தம் இருக்கிறது. வெளிநாட்டில் யாரைக் கைது செய்தாலும், 'உன் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லட்டுமா' என்று கேட்க வேண்டும். அவர் ஆமாம் என்றால் தாமதமில்லாமல் சொல்ல வேண்டும். தூதரக அதிகாரி சிறைக்குப் போய்ப் பார்க்கலாம், வக்கீலுக்கு ஏற்பாடு செய்ய உதவலாம். குல்பூஷன் ஜாதவ் வழக்கில் பாகிஸ்தான் இதைத்தான் மீறியது என்று அனைத்துலக நீதிமன்றம் 2019 ஜூலையில் தீர்ப்பளித்தது. ஆகவே பிடிபட்டவர் முதலில் சொல்ல வேண்டிய வார்த்தை 'மலேசியத் தூதரகம்' என்பதுதான்.

அதற்கும் எல்லை உண்டு. தூதரகம் சிறைக் கதவைத் திறக்க முடியாது, அந்த நாட்டுச் சட்டத்தை மாற்ற முடியாது. ஈப்போவைச் சேர்ந்த நாகேந்திரனுக்காக அப்போதைய பிரதமர் டத்தோஸ்ரீ இஸ்மாயில் சப்ரி சிங்கப்பூர் பிரதமருக்கே கடிதம் எழுதினார். மாமன்னரும் எழுதினார். 2022 ஏப்ரல் 27-இல் தூக்கிலிட்டு விட்டார்கள்.

மியன்மார் எல்லை முகாம்களில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே பிடித்து வைத்திருப்பது அரசாங்கமே அல்ல, மோசடிக் கும்பல். சுற்றி ஆயுதக் குழுக்கள். எந்தத் தூதரைக் கூப்பிட்டு யாரிடம் பேசுவது? ஆனாலும் அப்படிச் சிக்கிய மலேசியர்கள் பலர் மீட்கப்பட்டிருக்கிறார்கள். 2025 பிப்ரவரியில் தாய்லாந்து அந்த எல்லைப் பகுதிகளுக்கு மின்சாரத்தைத் துண்டித்த பிறகு பல நாட்டவர் ஆயிரக்கணக்கில் வெளியே கொண்டு வரப்பட்டார்கள். போலீசில் புகார், அந்தப் புகாரின் நகல், மகனின் கடப்பிதழ் எண், கடைசியாகப் பேசிய தேதி, அனுப்பிய இடத்தின் அடையாளம், வேலைக்கு அழைத்தவரின் தொலைபேசி எண் ஆகியவை கையில் இருந்தால் வெளியுறவு அமைச்சு வேலையைத் தொடங்க முடியும். இவை இல்லாமல் பெயரை மட்டும் சொன்னால் அவர்களாலும் தேட முடியாது.

"கடப்பிதழ் நம்பரு இருக்குங்க" என்றார் அந்த அம்மா. பைக்குள் கையை விட்டு, நான்காய் மடித்த நகல் ஒன்றை எடுத்தார். மடிப்பில் எழுத்து அழிந்து போயிருந்தது. பக்கத்தில் இருந்த தம்பி, தூதரகத்துக்குள் புகுந்து பிடிக்கச் சொன்ன அதே தம்பிதான், அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து எண்ணை ஒவ்வொன்றாக வாசிக்க ஆரம்பித்தார். நடத்துநர் கேமராவை நிறுத்தச் சொன்னார். காலையில் சுங்கை பட்டாணி போலீஸ் நிலையத்துக்கு அழைத்துப் போக, முன் வரிசைப் பெரியவரின் மகன் காரோடு வருவதாகப் பேசிக் கொண்டார்கள்.